எல்லாமே 4கே-தான்... ஆனா டிஸ்க்ல மட்டும் படம் ஏன் பளிச்சுனு இருக்கு?

டிவி வாங்கப் போனால் 4கே. ஓ.டி.டி சந்தா கட்டப் போனால் 4கே. 20 வருடம் கழித்து ரீ-ரிலீஸ் ஆகும் படத்தின் போஸ்டரிலும் 4கே. இந்த ஒரு முத்திரை இருந்தால் போதும், வீட்டிலேயே தியேட்டர் வந்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

அப்படியென்றால், மொபைலில் ஒரு தட்டு தட்டினால் வருகிற படத்துக்கு 25, 30 டாலர் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் வட்டை வாங்குபவர்கள் யார்? அப்படிப்பட்டவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் கிறிஸ்டோபர் நோலனின் 'ஓப்பன்ஹைமர்' 4கே டிஸ்க்காக வந்தபோது, அமெரிக்காவின் பெரிய கடைகளில் முதல் வாரத்திலேயே ஸ்டாக் காலி. அவசரமாக மறுபடி அச்சடிக்கிறோம் என்று யுனிவர்சல் நிறுவனம் அறிவிக்க வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில்தான் டிஸ்க் விற்பதையே நிறுத்தப்போவதாக அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகள் அறிவித்திருந்தன. அடுத்த ஆண்டின் இறுதியில், எல்.ஜி ப்ளூ-ரே பிளேயர் தயாரிப்பிலிருந்து ஒதுங்கிவிட்டது. ஒருபக்கம் வாங்க ஆள் அலைமோதுகிறது, இன்னொரு பக்கம் கடை மூடுகிறார்கள். அப்படி அந்த வட்டுக்குள் என்னதான் இருக்கிறது? அது போய்விட்டால் நமக்கு என்ன நஷ்டம்?

'த்ரீ இன் ஒன்' டிவிடி ஞாபகம் இருக்கா?

பர்மா பஜாரில் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்ட திருட்டு டிவிடி-க்களை நினைத்துப் பாருங்கள். 'ஒரே டிஸ்க்கில் 3 படம்' என்று விற்பார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் படம் ஓடும். ஆனால், சண்டைக் காட்சி வந்தால் ஹீரோவின் முகம் சதுரம் சதுரமாக உடையும். ஒரு படத்துக்கான இடத்தில் மூன்றைத் திணித்ததன் விளைவு அது. அந்தப் படத்திலும் பிக்ஸல் எண்ணிக்கை குறையவில்லை. ஒவ்வொரு பிக்ஸலுக்கும் கிடைத்த டேட்டாதான் குறைந்துபோனது.

இன்றைய 4கே கதையும் இதேதான். 4கே என்றால் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 பிக்ஸல்கள். அந்த எண் சொல்வது அவ்வளவுதான். அந்த 82 லட்சம் சொச்சம் பிக்ஸல்களையும் நிரப்ப விநாடிக்கு எவ்வளவு டேட்டா வருகிறது என்பதுதான் பிட்ரேட். போஸ்டரில் யாரும் போடாத எண் அது.

ஒரு சின்ன கணக்கு. எதையும் சுருக்காமல், ஒளிபரப்புக்குரிய வடிவத்தில் 4கே படத்தை அப்படியே அனுப்ப வேண்டுமானால் விநாடிக்குச் சுமார் 3,000 மெகாபிட் வேண்டும். எந்த வீட்டு இணைப்பும் தாங்காது, எந்த டிஸ்க்கும் தாங்காது. அதனால் எல்லோருமே சுருக்குகிறார்கள். எவ்வளவு சுருக்குகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். 4கே படம் பார்க்க 15 மெகாபிட் வேக இணைப்பு போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். 4கே ப்ளூ-ரே டிஸ்க்குகளில் பலவும் 50-லிருந்து 80 மெகாபிட் வரை போகின்றன. அந்த வடிவத்தின் உச்சவரம்பு 128.

கிகாபைட்டில் சொன்னால் இன்னும் எளிது. இரண்டு மணி நேரப் படம் 15 மெகாபிட்டில் ஓடினால் சுமார் 13.5 ஜி.பி. அதே படம் 60 மெகாபிட்டில் 54 ஜி.பி. அதற்காகத்தான் 2016-ல் 4கே டிஸ்க் வந்தபோது அதில் 66, 100 ஜி.பி என்று இடம் ஒதுக்கினார்கள். பழைய டிவிடி-யின் இடம் 4.7 ஜி.பி, இரட்டை அடுக்கு என்றால் 8.5 ஜி.பி.

இன்னொன்று. ஓ.டி.டி-யில் வரும் டேட்டா நிலையானது கிடையாது. இணைய வேகம் தடுமாறினால், படம் நின்றுவிடாமல் இருக்கத் தரத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பார்ட்மென்ட் மொத்தமும் படம் பார்க்கும்போது, உங்கள் திரையில் ஓடுவது நிஜத்தில் 4கே-தானா என்று உங்களுக்கே தெரியாது. டிஸ்க்குக்கு அந்தப் பிரச்னை இல்லை.

இருட்டில்தான் குட்டு வெளிப்படும்

'எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில் இரண்டு பேர் நின்று பேசும் காட்சியில் 15 மெகாபிட்டே தாராளம். ஓ.டி.டி நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியாக அலசி, எங்கே எவ்வளவு டேட்டா செலவழிக்கலாம் என்று கணக்குப்போட்டு அனுப்பும் அளவுக்கு நெட்ஃபிளிக்ஸ் தேறிவிட்டது.

சிக்கல் வருவது புகை, மழை, பனி, தண்ணீர், கூட்டம், இருட்டு ஆகியவற்றில். சுருக்கும் மென்பொருள் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் மாறாத பகுதிகளை மிச்சம்பிடித்துத்தான் டேட்டாவைக் குறைக்கிறது. மழையில் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும், மிச்சம்பிடிக்க ஒன்றும் இருக்காது. இருட்டில் வேறு பிரச்னை. கறுப்புக்கும் கறுப்புக்கும் இடையே உள்ள நுணுக்கமான வித்தியாசத்தை, 'இது யாருக்குத் தெரியப்போகுது' என்று அது தூக்கிப்போட்டுவிடும். ராத்திரி வானம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிகிறதே, அது இதனால்தான்.

உலகமே இதைக் கவனித்த ஒரு நாள் உண்டு. 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீஸனின் மூன்றாவது எபிசோடு வெளியானது. ராத்திரியில் நடக்கும் மாபெரும் போர். 'யார் யாரை வெட்டுறாங்கன்னே தெரியல' என்று சோஷியல் மீடியா கொந்தளித்தது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், தான் எடுத்தது அவ்வளவு இருட்டில்லை என்றார். வீட்டு டிவிகளின் செட்டிங்கையும், ஒளிபரப்பில் சுருக்கப்பட்ட விதத்தையும் அவர் காரணமாகக் காட்டினார். பின்னர் 4கே டிஸ்க்கில் பார்த்தால், அதே காட்சியில் புகைக்குப் பின்னால் இருந்த முகங்கள் தெரிந்தன. காட்சி இருட்டாகத்தான் இருந்தது. ஆனால், கண்ணுக்குப் புரிகிற இருட்டாக இருந்தது.

நிறத்திலும் இதே நியாயம்தான். பழைய ப்ளூ-ரே-யில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மொத்தம் 1.67 கோடி நிறங்கள். 4கே டிஸ்க்கில் ஒவ்வொன்றுக்கும் 1,024 படிகள், மொத்தம் 107 கோடி நிறங்கள். அதோடு எச்.டி.ஆர் சேரும்போது விளக்கு விளக்காகவும் வெயில் வெயிலாகவும் தெரிகிறது. ஓ.டி.டி-யிலும் எச்.டி.ஆர் உண்டு, டால்பி விஷன் உண்டு. ஆனால், அத்தனை நிறப் படிகளையும் சிதையாமல் கொண்டுவர டேட்டா வேண்டுமே!

காதுக்குத்தான் பெரிய வித்தியாசம்

படத்தைப் பற்றி வாதம் செய்யலாம். சத்தத்தில் வாதத்துக்கே இடமில்லை என்பார்கள் டிஸ்க் பிரியர்கள். எண்களும் அவர்கள் பக்கம்தான் நிற்கின்றன.

'டால்பி அட்மாஸ்' என்ற அதே முத்திரை ஓ.டி.டி-யிலும் இருக்கும், டிஸ்க்கிலும் இருக்கும். நெட்ஃபிளிக்ஸில் அது அதிகபட்சம் விநாடிக்கு 768 கிலோபிட். இரண்டு மணி நேரப் படத்துக்கு மொத்தமாக 700 எம்.பி-க்கும் குறைவு. டிஸ்க்கில் இருப்பது டால்பி ட்ரூ எச்.டி அல்லது டி.டி.எஸ் எச்.டி மாஸ்டர் ஆடியோ. இவை ஒலியில் எதையுமே தூக்கிப்போடாமல் மடித்து வைக்கிற வகை. விரித்தால் ஸ்டுடியோ கொடுத்தது அப்படியே கிடைக்கும். சராசரியாக 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால்கூட, அதே படத்துக்கு ஒலி மட்டுமே 3.6 ஜி.பி.

இதற்கு நெட்ஃபிளிக்ஸே ஒரு சாட்சி. 2019-ல் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பக் குழு ஒரு விஷயத்தை வெளியே சொன்னது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' இரண்டாவது சீஸனை, ஒரு வீட்டு ஹால் போன்ற சூழலில் இயக்குநர்களான டஃபர் சகோதரர்களோடு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கார் துரத்தல் காட்சியில் சத்தம் கூர்மையில்லாமல் மொண்ணையாகக் கேட்டிருக்கிறது. தேடிப் பார்த்தால், மிக்ஸிங்கில் கோளாறு இல்லை. வீட்டுக்கு அனுப்பும் ஒலியின் பிட்ரேட்தான் போதவில்லை. அதைக் கூட்டியதும் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகே ஒலித்தரத்தை எல்லோருக்கும் உயர்த்தினார்கள். அனுப்புகிறவர்களுக்கே காதில் விழுந்த வித்தியாசம் என்றால், அது ரசிகர்களின் கற்பனை அல்ல.

ஒரு நிபந்தனை உண்டு. டிவியின் பின்பக்க ஸ்பீக்கரில் கேட்டால் 700 எம்.பி-யும் ஒன்றுதான், 3.6 ஜி.பி-யும் ஒன்றுதான். ஏ.வி ரிசீவரோ, நல்ல சவுண்ட்பாரோ இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கே அர்த்தம்.

அப்போ டிஸ்க்னாலே உசத்தியா?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். டிஸ்க் என்பது பாத்திரம் மட்டும்தான். அதில் ஊற்றுவது நன்றாக இருந்தால்தான் ருசி.

2010-ல் வந்த 'பிரிடேட்டர்' ப்ளூ-ரே பதிப்பு இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம். ஃபிலிமில் எடுத்த படங்களில் மணல் தூவியதுபோல ஒரு துகள் ஆட்டம் இருக்கும். கிரெய்ன் என்பார்கள். அது அழுக்கு இல்லை, படத்தின் தோலே அதுதான். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று மென்பொருளால் தேய்த்ததில், அர்னால்டு முகம் மெழுகுப் பொம்மைபோல ஆகிவிட்டது. 2017-ல் வந்த 'டெர்மினேட்டர் 2' 4கே டிஸ்க் மீதும் இதே புகார்.

2024 மார்ச்சில் ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்', 'தி அபிஸ்', 'ட்ரூ லைஸ்' மூன்றும் 4கே டிஸ்க்காக வந்தன. வருடக்கணக்கில் காத்திருந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர், வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்கள். நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சனின் ஸ்டுடியோவில் ஏ.ஐ உதவியோடு மெருகேற்றியிருந்தார்கள். கிரெய்ன் போய், தோலும் தலைமுடியும் செயற்கையாகத் தெரிவதாக, முக்கியமாக 'ட்ரூ லைஸ்' மீது, குற்றச்சாட்டு. இதற்கெல்லாம் குறை சொல்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்கிற தொனியில் பதிலடி கொடுத்தார் கேமரூன். இயக்குநரே ஒப்புதல் கொடுத்த பதிப்பு நன்றாக இல்லை என்று ரசிகன் சொல்ல முடியுமா என்ற அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. பிட்ரேட் எவ்வளவு கொடுத்தாலும் இந்தக் குறை தீராது என்பது மட்டும் நிச்சயம்.

எதிர்த்திசையிலும் உதாரணங்கள் உண்டு. 1962-ல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 65 எம்.எம் நெகட்டிவில் எடுக்கப்பட்ட படம். அந்த நெகட்டிவை 8கே-யில் ஸ்கேன் செய்து, 4கே-யில் மீட்டெடுத்து, 2020-ல் டிஸ்க்காகக் கொண்டுவந்தார்கள். பாலைவனத்தின் தூரத்துப் புள்ளியாக ஒட்டகத்தில் வருபவர்கூடத் துல்லியமாகத் தெரிவார். ஆனால், 2015-ல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' இறுதி வடிவம் பெற்றதே 2கே-யில்தான். அதன் 4கே டிஸ்க், பெரிதாக்கப்பட்ட 2கே. அப்படியும் அதன் நிறமும் ஒலியும் மிரட்டும். ஆக, பிக்ஸல் எண்ணிக்கையைவிட அந்தப் படத்தை யார், எவ்வளவு பொறுப்போடு டிஸ்க்குக்குத் தயார் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

சரக்கு இருக்கு, கடை இல்லை

நல்ல டிஸ்க் இன்று முன்னெப்போதையும்விட நன்றாக வருகிறது. வாங்கத்தான் வழி சுருங்குகிறது. ஒப்போ 2018-லும் சாம்சங் 2019-லும் பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகின. எல்.ஜி-யும் போன பிறகு, பெரிய பிராண்டுகளில் மிச்சம் சோனியும் பேனசோனிக்கும்தான். நெட்ஃபிளிக்ஸ் தன் தபால் டிவிடி சேவையை 2023 செப்டம்பரில் மூடியது. டிஸ்னி, வட அமெரிக்காவில் தன் டிஸ்க் வியாபாரத்தை 2024-ல் சோனியிடம் ஒப்படைத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் சோனி ப்ளூ-ரே தயாரிப்பை நிறுத்தியதாகப் பரவிய செய்தி மட்டும் பாதி உண்மை. நிறுத்தியது, நாமே பதிவுசெய்துகொள்ளும் காலி டிஸ்க்குகளை. படம் அச்சடித்த டிஸ்க்குகள் தொடர்கின்றன.

இதன் பலன், டிஸ்க் ஒரு சேகரிப்புப் பொருளாக மாறிவிட்டது. ஸ்டீல் பெட்டி, கூடவே ஒரு குட்டிப் புத்தகம், குறைந்த எண்ணிக்கை, கூடுதல் விலை. ஒரு காலத்தில் எல்லோர் வீட்டு அலமாரியிலும் இருந்த ஒன்று, இப்போது வசதியுள்ள ரசிகனின் ஷோகேஸுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வரக்கூடிய ஆகச் சிறந்த படமும் ஒலியும் மெதுவாகப் பொதுஜனத்தின் கையைவிட்டு நழுவுகின்றன. மற்றவர்களுக்கு 'போதுமான அளவு நல்லது' போதும் என்று சந்தை முடிவு செய்துவிட்டது.

இது வெறும் தரம் பற்றிய கதை இல்லை

டிஸ்க்கில் இன்னொரு குணம் உண்டு. வாங்கிய பிறகு யாரும் அதை மாற்ற முடியாது. 1971-ல் வந்து ஆஸ்கர் வென்ற 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தின் ஒரு காட்சியில் இனவெறி வசவு ஒன்று வரும். 2023-ல் அமெரிக்காவில் ஆன்லைனில் ஓடிய பதிப்பில், எந்த அறிவிப்பும் இல்லாமல் அந்தப் பகுதி காணாமல்போயிருந்தது. பழைய டிஸ்க் வைத்திருந்தவர்களால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஆன்லைனில் 'வாங்குதல்' என்று சொல்லி உரிமத்தை மட்டும் விற்றால், அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா ஒரு சட்டமே போட்டது. 2025 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. நயன்தாராவின் 'அன்னபூரணி' 2024 ஜனவரியில், எதிர்ப்புகளைத் தொடர்ந்து நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. படம் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பது வேறு. தியேட்டரில் ஓடி முடிந்த ஒரு படம், ஒரே நாளில் சந்தாதாரர்களின் திரையிலிருந்து மறைந்தது என்பதுதான் விஷயம்.

தமிழ் சினிமா இந்த டிஸ்க் காலத்தைச் சரியாகப் பிடிக்கவே இல்லை. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று களமிறங்கியபோது, திருட்டு டிஸ்க்குக்கு நேர்வழியில் ஒரு போட்டி கிடைத்தது. அது டிவிடி-யோடு நின்றுபோனது. அந்த நிறுவனமே 2018-ல் கலைப்புக்குப் போனது. அதற்குள் நாம் நேராக மொபைலுக்குத் தாவிவிட்டோம். ஒரு முரணைப் பாருங்கள். இந்தியாவில் டால்பி அட்மாஸில் வெளியான முதல் படம் 2012-ல் வந்த நம்ம 'சிவாஜி 3டி'. 2024-ல் 'கில்லி' 4கே-யில் மெருகேற்றப்பட்டு தியேட்டர்களைத் திருவிழா ஆக்கியது. ஆனால், தமிழ்ப் படம் ஒன்று முறையான 4கே டிஸ்க்காக வருவது அபூர்வத்திலும் அபூர்வம். சென்னை ஸ்டுடியோவில் ராப்பகலாக உட்கார்ந்து மிக்ஸ் செய்த ஒலி, முழுசாக வீட்டுக்கு வந்துசேர வழியே இல்லை. அதன் சுருக்கப்பட்ட பதிப்பு மட்டும் நமக்கு. நாளைக்கு அந்த ஓ.டி.டி ஒப்பந்தம் முடிந்தால் அதுவும் இல்லை.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

* முதலில் காசு செலவில்லாத வேலை. டிவி செட்டிங்கில் 'மோஷன் ஸ்மூத்திங்' வகையறாவை அணையுங்கள். சினிமாவை சீரியல்போலக் காட்டுவது அதுதான். 2018-ல் டாம் க்ரூஸே வீடியோ போட்டுக் கெஞ்சிய விஷயம் இது. 'ஃபிலிம்மேக்கர் மோடு' இருந்தால் படம் பார்க்கும்போது அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

* 43 இன்ச் டிவியை 10 அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர் என்றால், 4கே-க்கும் ஃபுல் எச்.டி-க்கும் உள்ள பிக்ஸல் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. டிஸ்க் பற்றி யோசிக்க வேண்டாம். 55 இன்ச்சுக்கு மேல் என்றால் யோசிக்கலாம்.

* பட்ஜெட் இருந்தால் முதல் செலவு ஒலிக்கு. டிவி வழியாக இணைப்பதானால் டிவியிலும் சவுண்ட்பாரிலும் ஹெச்.டி.எம்.ஐ 'இ-ஆர்க்' இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண 'ஆர்க்' வழியாக டிஸ்க்கின் முழு ஒலி போகாது.

* தனி பிளேயர் கட்டாயமில்லை. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க்கைப் படிக்கும். டிஸ்க்கில் டால்பி விஷன் மட்டும் அவற்றில் கிடைக்காது.

* 4கே டிஸ்க்குக்கு 'ரீஜன் லாக்' இல்லை. எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடும். ஆனால் ஷிப்பிங், வரி எல்லாம் சேர்ந்து ஒரு படம் 3,000 ரூபாயை எளிதாகத் தாண்டிவிடும். அதனால் பார்க்கும் எல்லாப் படத்தையும் வாங்காதீர்கள். பத்து தடவை பார்க்கப்போகிற படத்தை மட்டும் வாங்குங்கள். வாங்கும் முன்பு அந்தப் பதிப்பின் விமர்சனத்தைப் படியுங்கள். 'ட்ரூ லைஸ்' பாடம் அதுதான்.

* வாங்கியதை வெயில், ஈரம் படாமல் வையுங்கள். டிஸ்க்கும் சாகாவரம் பெற்றதில்லை. 2006 முதல் 2008 வரை அச்சான தன் டிவிடி-க்கள் சில தானாகவே கெட்டுப்போவதை வார்னர் பிரதர்ஸ் 2025-ல் ஒப்புக்கொண்டு, மாற்றித் தர முன்வந்தது.

எல்லோரும் டிஸ்க் வாங்கிக் குவிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மாசம் 649 ரூபாய் கட்டி நூற்றுக்கணக்கான படங்களைப் பார்க்கும் வசதியை யாரும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை, அவசியமும் இல்லை. ஆனால் ஒரு படத்தை அதன் ஒளிப்பதிவாளரும் ஒலி வடிவமைப்பாளரும் நினைத்த மாதிரியே பார்க்க, யாராலும் வெட்ட முடியாத ஒரு பிரதியாக வைத்துக்கொள்ள, விருப்பப்படுபவருக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். ஹாலிவுட்டில் அந்த வழி குறுகிக்கொண்டிருக்கிறது. கோலிவுட் அதைத் திறக்கவே இல்லை. அடுத்த ரீ-ரிலீஸ் போஸ்டரில் 4கே என்று பார்க்கும்போது, அந்தப் பிரதி வீட்டுக்கு எப்போது வரும் என்று ரசிகர்கள் கேட்க ஆரம்பித்தால்தான் தயாரிப்பாளர்கள் யோசிப்பார்கள்.